திருமணப் பூக்களைப் பூ அலங்காரக்காரர் சில நாட்கள் முன்பே வரவழைப்பது ஏன்?

நீரூட்டுவதற்காகவும், மொட்டுகள் விரிவதற்காகவும்தான். நீரூட்டுதல் என்பது, வெட்டிய பூக்களின் காம்பு நுனியைப் புதிதாக நறுக்கி, நீருக்குள் மூழ்கும் இலைகளை அகற்றி, அலங்காரத்துக்கு எடுப்பதற்கு முன் சில மணி நேரமாவது சுத்தமான நீரில், குளிர்ச்சியான இடத்தில் நிறுத்தி வைப்பதாகும்.

செடியிலிருந்து பிரிந்ததும் காம்பின் நுண்குழாய்களுக்குள் காற்று புகுந்துவிடுகிறது. ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் எவ்வளவு உறிஞ்சினாலும் பானம் சரியாக மேலேறாததைப் போல, அந்தக் காம்பும் நீரில் நின்றபடியே வாடக்கூடும். அடைபட்ட நுனியை நறுக்கிவிட்டால் நீர் மீண்டும் இதழ்வரை ஏறும். நீரில் மூழ்கிய இலைகள் அழுகினால் பாக்டீரியா பெருகி அதே குழாய்களை மறுபடியும் அடைத்துவிடும் என்பதால்தான் அவற்றை அகற்றுகிறார்கள்.

லில்லி பெரும்பாலும் இறுகிய மொட்டாகவே வந்து சேரும்; அது முழுதாக விரிய மூன்று நான்கு நாட்கள்கூட ஆகலாம். ரோஜாவுக்கு ஒன்றிரண்டு நாட்கள் போதும். ஹைட்ரேஞ்சியாவோ நீரில்லாவிட்டால் மிக விரைவில் துவண்டுவிடும். ஆகவே, நிறத்தைப் பேசுவதற்கு முன்பே, நிகழ்ச்சி வெயிலில் நடக்குமா, பூச்செண்டு எத்தனை மணி நேரம் நீரின்றிக் கையில் இருக்கும் என்பதை அலங்காரக்காரரிடம் சொல்லிவிடுவது மிக அவசியம் என்பேன்.

வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் எந்தப் பூவும் வாடாது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில், அங்குள்ள ஆப்பிள் போன்ற பழங்கள் வெளியிடும் எத்திலீன் வாயு கார்னேஷன் போன்ற பூக்களை விரைவில் முதிரச் செய்கிறது, ஆந்தூரியம் போன்ற வெப்பமண்டலப் பூக்களோ அந்தக் குளிரிலேயே கருத்துவிடுகின்றன.