ஐகன் மதிப்பு கிடைக்காததற்குக் காரணம் அந்த 13

தம்பி, 2, 0, 1. 0, 2, 0. 1, 0, 2 என்ற வரிசைகளைக் கொண்ட அணியின் சிறப்பியல்புச் சமன்பாட்டில் (இதன் தீர்வுகளே ஐகன் மதிப்புகள்; லாம்டா அதில் வரும் மாறி) லாம்டாவின் கெழு 13 என வந்ததாகவும், எந்த முழு எண்ணைப் போட்டாலும் பூச்சியம் வரவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். மூலைவிட்ட உறுப்புகளின் சிற்றணிக்கோவைகளை (ஓர் உறுப்பின் வரிசையையும் நிரலையும் நீக்கினால் மிஞ்சும் அணிக்கோவைகளை) கூட்டும்போது, நடுவிலுள்ளதை 4−1 என்று கழிக்காமல் 4+1 எனக் கூட்டிவிட்டீர்கள். சரியான கெழு 4+3+4, அதாவது 11. ஐகன் மதிப்புகள் 1, 2, 3. வியாசர்பாடியில் மாலை வேளைகளில் என்னிடம் படிக்க வரும் முதலாண்டுப் பிள்ளைகள் பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள் (நானும் சறுக்கியவன்தான்). மூலைவிட்டக் கூட்டுத்தொகை 6, அணிக்கோவையின் மதிப்பு 6 என்ற இரண்டும் சரியாக இருந்தும் விடை வராததில் வியப்பில்லை, ஏனெனில் அவை லாம்டாவின் கெழுவைத் தொடுவதே இல்லை. அந்தக் கெழுவைச் சரிபார்க்க ஐகன் மதிப்புகளை இரண்டிரண்டாகப் பெருக்கிக் கூட்ட வேண்டும்: 2+6+3, அதே 11.