ஓட்டுக்கடியில் உழவாரன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த பறவைக் கேள்விகளில் பெரும்பாலானவை பிரிட்டனில் வசிக்கும் வாசகர்கள் அனுப்பியவை. எல்லாமே வீட்டுக் கூரையில் கூடு வைக்கும் உழவாரன், அதாவது ஸ்விஃப்ட் பறவையைப் பற்றித்தான். கடைசிக் கேள்வி மட்டும் கும்பகோணத்திலிருந்து.

கேள்வி (ஹாரோ): ஓட்டு விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே கருப்பாக ஏதோ பறவை புகுகிறது. கண் சிமிட்டுவதற்குள் மறைந்துவிடுகிறது. தகைவிலானா, உழவாரனா? ஏணி போடாமல் உறுதி செய்ய முடியுமா?

ஏணியே வேண்டாம். தகைவிலான் கம்பியில் வந்து உட்காரும், உழவாரன் உட்காராது. சேற்று உருண்டைகளை ஒட்டிச் சுவரின் வெளிப்புறத்தில் கூடு கட்டியிருந்தால் அது தகைவிலான் வகை. உழவாரன் கூடு வெளியே தெரியாது. உடல் முழுக்க அடர் பழுப்பு, தொண்டை மட்டும் வெளுப்பு, அரிவாள் மாதிரி வளைந்த இறக்கை, கூட்டமாகக் கூரை உயரத்தில் கீச்சிட்டபடி பாய்ச்சல். இவ்வளவும் பொருந்தினால் சந்தேகமே இல்லை.

கூடு இருக்கிறதா என்று பார்க்க அந்தி நேரம்தான் சரி. ஜூனில் லண்டனில் சூரியன் மறைய இரவு ஒன்பது மணி இருபது நிமிடம் ஆகும். எட்டு மணிக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்து, முழுக்க இருட்டும்வரை எழுந்திருக்காதீர்கள். துளைக்கு நேர் கீழே உட்கார வேண்டாம். சுவரின் ஓரமாக, கூரை விளிம்பு வானத்தை ஒட்டிக் கோடாகத் தெரியும் இடத்தில் உட்காருங்கள். கண் சுவரிலேயே இருக்கட்டும். பறவையைப் பின்தொடர்ந்து வானத்தைப் பார்த்தால், அது உள்ளே போகும் நொடி கட்டாயம் தப்பிவிடும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

பகலில் சுவரைப் படம் எடுத்து, இடுக்கு ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், எந்த எண், உள்ளேயா வெளியேயா, வானிலை என்று எழுதி வந்தால் போதும். சுவரில் லேசாக மோதிவிட்டுத் திரும்பிப் பறப்பவை இடம் தேடும் இளசுகள், அவற்றைக் கூட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள். துளைக்குக் கீழே எச்சம் இல்லையே என்று முடிவு கட்டவும் வேண்டாம். உழவாரன் வாசலை அசிங்கம் செய்யாத பறவை.

கேள்வி (லெஸ்டர்): மே முதல் வாரம் வந்துவிட்டன. எப்போது முட்டை, எப்போது குஞ்சு என்று கீழே நின்றபடியே கணிப்பது எப்படி?

போக்குவரத்தின் தாளத்தை வைத்துக் கணிக்கலாம். ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுவரை வந்து சேரும். ஜோடி சேர்ந்து வருவதில்லை. ஒன்று முதலில் வந்து பழைய துளைக்கே போகும், மற்றது சில நாள் கழித்து வரும். கூடு கட்டும் சாமான்களைத் தரையிலிருந்து பொறுக்காது. காற்றில் மிதக்கும் இறகு, வைக்கோல் துணுக்கு, பூவிதழ் இவற்றைப் பறந்தபடியே பிடித்து, எச்சிலால் ஒட்டித் தட்டையான கிண்ணமாக்கும். பழைய கிண்ணம் இருந்தால் அதையே ஒப்பேற்றிக்கொள்ளும்.

மே பின்பாதியில் வெள்ளை முட்டை, இரண்டு அல்லது மூன்று. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது ஒருநாள் விட்டு இடும். ஆணும் பெண்ணும் மாறி மாறிச் சுமார் 19, 20 நாள் அடைகாக்கும். இந்தக் கட்டத்தில் துளைப் பக்கம் ஓசையே இருக்காது. நீண்ட நேரத்துக்குப் பின் ஒன்று உள்ளே போகும், கொஞ்ச நேரத்தில் மற்றது வெளியே வரும். இந்த ஆள் மாற்றம்தான் அடைகாப்பின் அடையாளம்.

குஞ்சு பொரித்ததும் தொண்டையைக் கவனியுங்கள். தாடைக்குக் கீழே புடைத்தபடி திரும்பினால் இரை உருண்டை கொண்டுவருகிறது என்று பொருள். பூச்சிகளையும் காற்றில் மிதக்கும் சிறு சிலந்திகளையும் எச்சிலில் உருட்டிய உருண்டை அது. ஒன்றில் 300 முதல் 1000 உயிர்கள்வரை இருக்கும். முதல் வாரம் குஞ்சுகள் மயிரில்லாமல் கண் திறக்காமல் கிடப்பதால், பெற்றோரில் ஒன்று பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். பிறகு இரண்டும் வெளியே போகும், வரவும் கூடும். அமைதியான மாலையில் உள்ளிருந்து குஞ்சுகளின் குரல் கேட்கும்.

ஒரு மாதம் ஆகும்போது குஞ்சு பெற்றோரைவிடக் கனமாக இருக்கும். வளர்ந்த பறவையின் எடை 40 கிராம் அளவுதான், குஞ்சோ 50 கிராமைத் தாண்டிவிடும். அப்புறம் எடை குறைய ஆரம்பிக்கும். இறக்கையைத் தரையில் ஊன்றி உடம்பைத் தூக்கித் தூக்கித் தண்டால் எடுக்கும். கேமரா வைத்தவர்களுக்கு மிகவும் பிடித்த காட்சி இதுதான். கடைசி நாட்களில் துளை வாயில் முகம் தெரியும். நெற்றி வெளுத்து, இறகு ஓரங்களில் வெள்ளைக் கரை இருந்தால் அது குஞ்சு. ஒருநாள் பாய்ந்து போய்விடும். திரும்பாது, பெற்றோரும் கூட வராது.

பொரித்ததிலிருந்து பறக்க 37 நாளும் ஆகலாம், 56 நாளும் ஆகலாம். காரணம் வானிலை. மழையும் குளிரும் சேர்ந்தால் காற்றில் பூச்சி இருக்காது. பெற்றோர் இரை தேடி வெகுதூரம் போய்விடும். குஞ்சு உடல் வெப்பத்தைக் குறைத்து மரத்துக் கிடக்கும், அப்படியே சில நாள் தாக்குப்பிடிக்கும். ஆகவே இரண்டு நாள் வரத்து இல்லை என்பதற்காகக் கூரையைப் பிரித்துப் பார்க்கக் கிளம்பாதீர்கள்.

கேள்வி (க்ராய்டன்): கூட்டுக்குள் கேமரா வைக்க ஆசை. இப்போது ஜூன். வைக்கலாமா?

இந்த ஆண்டு வேண்டாம். அடைகாக்கும்போது உள்ளே கை போனால் கூட்டையே கைவிடக்கூடும். செப்டம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையே வைத்து முடித்துவிட வேண்டும்.

பரணுக்குள்ளிருந்து அந்தத் துளையை எட்ட முடிந்தால், அதன் பின்னால் பிளைவுட் பெட்டி ஒன்றைப் பொருத்துங்கள். உள்ளளவு நீளம் 40, அகலம் 20, உயரம் 15 செ.மீ. இருந்தால் நல்லது. வாசல் 65 மி.மீ. அகலம், 28 மி.மீ. உயரம். உயரம் கூடினால் ஸ்டார்லிங் என்ற வேறு பறவை புகுந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆகவே இந்த 28-ல் தாராளம் காட்டாதீர்கள். பழைய கூட்டுக் கிண்ணம் இருந்தால் எறியாமல், வாசலுக்கு எதிர்க்கோடியில் வையுங்கள். இருட்டான மூலைதான் அவற்றுக்குப் பிடிக்கும். உள்ளே பெயின்ட், வார்னிஷ் எதுவும் வேண்டாம்.

கேமரா கூரைப் பக்கமாக, கூட்டுக்கு நேர் மேலே. கடையில் வாங்கும் பாதுகாப்புக் கேமராக்களின் குவியம் பல மீட்டருக்கு வைக்கப்பட்டிருக்கும். 15 செ.மீ. தூரத்தில் எல்லாம் மங்கலாகத்தான் தெரியும். லென்ஸைத் திருகி, கூடு இருக்கும் இடத்தில் ஒரு காகிதத் துண்டை வைத்து எழுத்து தெளிவாகும்வரை சரிசெய்து, ஒரு சொட்டுப் பசையால் நிறுத்திவிடுங்கள். வெளிச்சம் அகச்சிவப்பாக மட்டுமே இருக்க வேண்டும். 850 நானோமீட்டர் விளக்கில் மெல்லிய செந்நிறம் தெரியும், 940-ல் அதுவும் தெரியாது, ஆனால் படம் கொஞ்சம் இருளும். ஒயர் தொங்கினால் குஞ்சின் கால் சிக்கும், பெட்டியின் மேற்புறமாக ஒட்டி வெளியே எடுங்கள். ஓட்டுக்கடியில் வைஃபை அடிக்கடி அறுந்துபோகும், கேபிள்தான் நம்பகம். முதல் இரவே படம் வெள்ளையாகப் புகைமூட்டமாகத் தெரிந்தால் விளக்கு பக்கத்துப் பலகையில் பட்டுத் திரும்புகிறது. பருவத்தின் நடுவில் அப்படி ஆனால் லென்ஸ் முன்னால் சிலந்தி வலை பின்னியிருக்கும். அதைத் துடைக்க ஆகஸ்ட் முடியும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

கேள்வி (லூட்டன்): தட்டையாக நண்டு மாதிரி ஓடும் ஒரு பூச்சி ஜன்னல் ஓரத்தில் கிடந்தது. கூட்டிலிருந்து வந்ததா? குழந்தைகளைக் கடிக்குமா?

உழவாரனையே நம்பி வாழும் ஒட்டுண்ணி ஈ அது. பறக்காது. பறவையின் ரத்தம்தான் அதன் உணவு, மனிதர் உடலில் தங்கி வாழாது. குளிர்காலத்தைக் கூட்டிலேயே கூட்டுப்புழுவாகக் கழித்து, பறவைகள் திரும்பும் நேரத்தில் வெளிவரும். ஒன்றைத் துடைத்து எறிந்தால் போதும், கூட்டில் மருந்து தெளிக்காதீர்கள்.

கேள்வி (அதே வாசகி): சுவர் அடியில் உடையாத முட்டை கிடந்தது. திரும்ப வைக்கலாமா?

வைப்பதில் பெரிதாகப் பயனில்லை. துளைக்காகச் சண்டை நடக்கும்போதும், வானிலை கெடும்போதும் முட்டை வெளியே தள்ளப்படுவதுண்டு. தள்ளியதைத் திரும்ப வைத்தால் மறுபடியும் தள்ளிவிடும். தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (மில்டன் கீன்ஸ்): தரையில் ஓர் உழவாரன் கிடக்கிறது. மேலே தூக்கி எறிந்தால் பறக்கும் என்கிறார்கள். உண்மையா?

எறியவே கூடாது. காயம்பட்ட பறவையோ முற்றாத குஞ்சோ எறிந்தால் விழுந்து சாகும். முதலில் காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில் டிஷ்யூ விரித்து, அமைதியான இடத்தில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். ரொட்டி, பால், பூனைத் தீனி எதுவும் ஆகாது. இது பூச்சி மட்டுமே தின்னும் பறவை.

பிறகு இறக்கையைப் பாருங்கள். மடித்த இறக்கை நுனிகள் வாலைத் தாண்டி நன்றாக நீண்டிருக்க வேண்டும், பெரிய இறகுகளின் அடியில் மெழுகு போன்ற உறை மிச்சம் இருக்கக்கூடாது. குட்டையாகவோ உறையோடோ இருந்தால் குஞ்சு, காயம் தெரிந்தால் நோயாளி. இரண்டுமே உழவாரனைப் பராமரித்துப் பழகியவரிடம் அன்றே போக வேண்டும். இறக்கை முற்றி, துடிப்பாகவும் இருந்தால் மழையில்லாத நேரத்தில் பரந்த புல்வெளிக்குக் கொண்டுபோய், உள்ளங்கையில் வைத்துத் தலைக்கு மேல் நீட்டிப் பிடியுங்கள். கொஞ்ச நேரம் நடுங்கும், அது பயமில்லை, தசையைச் சூடேற்றுகிறது. தானாகக் கிளம்பட்டும்.

கேள்வி (ஸ்லௌ): ஜூலையில் ஓடு மாற்றச் சாரம் கட்டப்போவதாக வீட்டுக்காரர் சொல்கிறார். என்ன செய்வது?

பிரிட்டனில் 1981-ஆம் ஆண்டு வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டப்படி, பறவை பயன்படுத்தும் கூட்டை வேண்டுமென்றே சேதப்படுத்துவது குற்றம். அதைச் சொல்லி, வேலையைச் செப்டம்பருக்குத் தள்ளக் கேளுங்கள். நீங்கள் எழுதிய குறிப்பும் துளைப் படமும் இங்கேதான் கைகொடுக்கும். சாரம் கட்டுவதே தப்பு என்பதில்லை, ஆனால் துளைக்கு நேர் எதிரே வலையோ பலகையோ வந்தால் பெற்றோர் உள்ளே போக முடியாது, குஞ்சு பட்டினி கிடக்கும்.

புது ஓடு போடும்போது அதே துளையை அதே இடத்தில் விட்டுவிடச் சொல்லுங்கள். ஓரடி தள்ளிப் புதுத் துளை வைத்தாலும் பழைய இடத்தில்தான் முட்டி மோதும். முடியாவிட்டால் பெட்டி மாட்டலாம். ஐந்து மீட்டர் உயரம், வெயில் நேராகப் படாத வடக்கு அல்லது கிழக்குச் சுவர், கீழே மரமோ கொடியோ இல்லாத வெட்டவெளி. மே முதல் ஜூலைவரை காலையும் மாலையும் உழவாரன் குரலை ஒலிக்கவிட்டால் இடம் தேடும் இளசுகள் வந்து பார்க்கும். முதல் ஆண்டே குடிவரும் என்று நம்ப வேண்டாம். பிரிட்டனில் இந்தப் பறவை 2021-இல், மிகவும் கவலைக்குரிய பறவைகளைக் குறிக்கும் சிவப்புப் பட்டியலுக்குப் போய்விட்டது. கண்ட கூடுகளை ஸ்விஃப்ட் மேப்பர் செயலியிலும் பதிந்து வையுங்கள்.

கேள்வி (கும்பகோணம்): எங்கள் பள்ளி வராந்தா மேற்கூரையில் இறகும் புல்லும் திரண்ட கூடுகள் கொத்தாக ஒட்டியிருக்கின்றன. இதுவும் அதே பறவையா? இதன் கூட்டுக்கு வெளிநாட்டில் விலை உண்டாமே? விடுமுறையில் வெள்ளையடிக்க எடுக்கலாமா?

உங்களுடையது நாட்டு உழவாரன். இடுப்பில் வெள்ளைப் பட்டை, குட்டையான நேர் வால். விலை போவது முழுக்க எச்சிலால் ஆன கூடு, அது வேறு இனம். இதில் இறகும் குப்பையும்தான்.

பிரிட்டன் உழவாரன் மூன்று மாதத்தில் ஆப்பிரிக்கா கிளம்பிவிடும், நாட்டு உழவாரனோ ஆண்டு முழுதும் அதே கூட்டில்தான் இரவு தங்கும். ஆகவே விடுமுறைதானே என்று எடுக்க முடியாது. கூடு உருண்டை, வாசல் வெறும் இடுக்கு, உள்ளே எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. அந்தியில் எத்தனை நுழைகின்றன என்று எண்ணுங்கள். பகலில் அடிக்கடி போய் வந்தால் குஞ்சு இருக்கிறது. கொத்தை விட்டுவிட்டு, சுற்றி ஓரடி இடம் ஒதுக்கி வெள்ளையடிக்கச் சொல்லுங்கள். எச்சம்தான் தொல்லை என்றால் கொத்துக்கு இரண்டு மூன்றடி கீழே ஒரு பலகையைச் சுவரோடு அடித்துவிடலாம். கூட்டை ஒட்டி அடித்தால் பறவை விழுந்து வேகம் எடுக்க இடம் இருக்காது.