கன்சர்வேட்டிவ் பாப்டிஸ்ட் சபைக்காரர்கள் அடிப்படையில் என்ன நம்புகிறார்கள்?

கேள்வி: வேலை மாறி டெக்சாஸ் வந்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் தங்கள் பாப்டிஸ்ட் சபைக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். “நாங்கள் கன்சர்வேட்டிவ்” என்று வேறு சொல்கிறார். நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). இவர்களுடைய நம்பிக்கைகள் என்ன, நமக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

பதில்:

நானும் சி.எஸ்.ஐ.தான். திருநெல்வேலிப் பக்கம், மூன்று தலைமுறையாக ஒரே கோயில். டாலஸுக்குப் பக்கத்தில் ஒரு சதர்ன் பாப்டிஸ்ட் (அமெரிக்காவின் பெரிய பாப்டிஸ்ட் கூட்டமைப்பு) சபைக்கு எட்டு வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். என் கணவர் அங்கே அங்கத்தினர், நான் இல்லை. ஏன் இல்லை என்று சொன்னாலே உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் வந்துவிடும்.

முதலில், பயப்பட ஒன்றுமில்லை. திரியேக தேவன், கன்னியிடம் பிறப்பு, சிலுவை மரணம், மூன்றாம் நாள் உயிர்த்தெழுதல், மறுபடியும் வருவது என்று நாம் விசுவாசப்பிரமாணத்தில் எழுந்து நின்று சொல்லும் எதையும் இவர்கள் மறுப்பதில்லை. சேர்ந்து சொல்லும் வழக்கம்தான் இல்லை. ஜெபப் புத்தகம் இல்லை, அங்கி இல்லை. இரண்டு மூன்று பாட்டு, முக்கால் மணி நேரம் பிரசங்கம், அப்புறம் வாசலில் கை குலுக்கல். முதல் ஞாயிறு வீட்டுக்கு வந்ததும் “ஆராதனை எப்போ ஆரம்பிச்சது?” என்றுதான் நான் கேட்டேன்.

போன முதல் வருடமே அங்கத்தினர் ஆகலாமா என்று விசாரித்தேன். போதகர் ஒரு காபிக்கு உட்கார வைத்தார். அங்கே எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை, ‘பாஸ்டர்’ என்றே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். “இயேசுவை நீங்களாக ஏற்றுக்கொண்டது எப்போது? அதற்குப் பிறகு ஞானஸ்நானம் எடுத்தீர்களா?” என்று கேட்டார். கைக்குழந்தையாக இருந்தபோதே எடுத்தாயிற்று, பதினைந்து வயதில் திடப்படுத்தலும் முடிந்தது என்றேன். அவர் மரியாதையாகத்தான் சொன்னார்: அது உங்கள் பெற்றோரின் நல்ல மனசு, ஆனால் ஞானஸ்நானம் இல்லை.

அன்று ராத்திரி அம்மாவிடம் போனில் சொன்னேன். (எங்கள் பக்கம் போதகரை ‘ஐயர்’ என்போம்.) “ஏட்டி, ஐயர் உன் தலையில ஊத்துனது பின்ன என்ன, பைப்புத் தண்ணியா?” என்றாள்.

இங்கேதான் இவர்களுடைய ஆணிவேர் இருக்கிறது. எனக்காக வேறொருவர் விசுவாசிக்க முடியாது. நம் கோயிலில் குழந்தை சார்பாக ஞானத்தாயும் ஞானத்தகப்பனும் நின்று பதில் சொல்வார்கள். அந்த ‘சார்பாக’ என்ற வார்த்தைதான் பாப்டிஸ்டுகளுக்கு ஆகாது. ஒருவர் தன் பாவத்தை உணர்ந்து, மனந்திரும்பி, தன் வாயால் அறிக்கை செய்து, அதற்குப் பிறகு தண்ணீரில் இறங்க வேண்டும். இந்த வரிசை மாறினால் செல்லாது. தண்ணீர் யாரையும் ரட்சிக்காது என்பதையும் அதே மூச்சில் சொல்வார்கள். சிலுவையில் தொங்கிய கள்ளன் ஞானஸ்நானம் எடுக்காமலே பரதீசுக்குப் போனான் என்பது அவர்கள் கையில் எப்போதும் இருக்கும் உதாரணம். அப்படியென்றால் எதற்கு என்று கேட்டால், கீழ்ப்படிதலுக்கும் சாட்சிக்கும் என்பார்கள். ரட்சிப்புக்குத் தேவையில்லை, அங்கத்தினர் ஆகத் தேவை. இதை ஜீரணிக்க எனக்கு ரொம்ப நாள் ஆனது.

முழுக்கு என்பது அடுத்த விஷயம். தண்ணீருக்குள் போவது கிறிஸ்துவோடு அடக்கம், எழுவது உயிர்த்தெழுதல் என்று ரோமர் ஆறாம் அதிகாரத்தைக் காட்டுவார்கள். எங்கள் சபையில் பிரசங்க மேடைக்குப் பின்னால், பாடகர் குழு நிற்கும் இடத்துக்கு மேலே, கண்ணாடி முகப்பு வைத்த தொட்டி இருக்கிறது. வெந்நீர்தான். இதில் ஒரு சுவாரசியம். 1609-ல் ஆம்ஸ்டர்டாமில் அடைக்கலம் புகுந்திருந்த ஆங்கிலேயர்கள் நடுவில் ஜான் ஸ்மித் என்பவர் முதல் பாப்டிஸ்ட் சபையைத் தொடங்கியபோது, தனக்குத் தானே ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார். முழுகி அல்ல, தலையில் தண்ணீர் ஊற்றி. முழுக்கு கட்டாயமானது 1640-களில், லண்டனில். பெரியவர்களுக்கான சண்டே ஸ்கூல் வகுப்பில் (ஆமாம், இங்கே தாத்தா பாட்டிகளும் சண்டே ஸ்கூல் போவார்கள்) நான் இதைச் சொன்னபோது பாதிப் பேருக்குப் புதுச் செய்தி.

முழுக்கு ஞானஸ்நானம் என்றதும் நம் ஊர் ஞாபகத்தில் பெந்தெகொஸ்தே என்று நினைத்துவிடாதீர்கள். இவர்கள் ஆராதனையில் அந்நியபாஷை கேட்காது, கைத்தட்டல்கூட அளவோடுதான். நகையைக் கழற்றச் சொல்லவும் மாட்டார்கள். என் தாலிச் சங்கிலியைப் பற்றி ஒருத்தர் கேட்டதில்லை, டிசைன் நன்றாக இருக்கிறது என்று ஒரு பாட்டி சொன்னதைத் தவிர.

இந்த ஞானஸ்நானக் கொள்கையின் கனம் எனக்குப் புரிந்தது நம் பக்கத்துக் கதை ஒன்றில்தான். 1876 முதல் 78 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. ஓங்கோலில் (இன்றைய ஆந்திரா) ஊழியம் செய்த அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் கிளவ், பக்கிங்காம் கால்வாயில் சில மைல் வெட்டும் வேலையைக் கான்ட்ராக்ட் எடுத்து, பட்டினி கிடந்தவர்களுக்குக் கூலி கிடைக்கச் செய்தார். அந்தச் சமயத்தில் ஞானஸ்நானம் கேட்டு ஜனங்கள் வந்தார்கள். அவர் கொடுக்கவில்லை. சோற்றுக்காக வருகிறவர் யார், விசுவாசித்து வருகிறவர் யார் என்று தெரியாதே என்பதுதான் காரணம். நிவாரண வேலை முடிந்து, தன்னிடம் கொடுக்க ஒன்றுமில்லை என்ற நிலை வந்த பிறகும் கூட்டம் குறையவில்லை. 1878 ஜூலை 3 அன்று குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேருக்கு ஞானஸ்நானம் நடந்தது. ஒரே நாளில் அத்தனை பேரை எப்படி விசாரித்தார்கள் என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனாலும் பஞ்சத்தின்போது கதவைச் சாத்திய அந்தப் பிடிவாதம்தான் பாப்டிஸ்ட் குணம்.

சரி, ‘கன்சர்வேட்டிவ்’ என்ற அடைமொழிக்கு வருவோம். 1947-ல் வடக்கு மாநில பாப்டிஸ்டுகளிலிருந்து பிரிந்தவர்கள் அந்தப் பெயரிலேயே ஒரு கூட்டமைப்பு வைத்தார்கள். ஆனால் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் டெக்சாஸ்காரர் என்பதால் பெரும்பாலும் சதர்ன் பாப்டிஸ்டாக இருப்பார், அவர் சொல்வது வேதாகமத்தைப் பற்றிய நிலைப்பாடு. மூல எழுத்தில் வேதத்தில் பிழையே கிடையாது, விசுவாச விஷயத்தில் மட்டுமல்ல, சரித்திரத்திலும்தான் என்பார்கள். ஆதாம் நிஜ மனிதர், யோனாவை விழுங்கியது நிஜ மீன். இதற்காக அவர்களுக்குள் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. 1979-ல் ஹூஸ்டனில் நடந்த சதர்ன் பாப்டிஸ்ட் மாநாட்டில் கன்சர்வேட்டிவ் அணியின் ஏட்ரியன் ராஜர்ஸ் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதன்பின் வருடா வருடம் அந்த அணியே ஜெயித்து, வேதாகமக் கல்லூரிகளின் நிர்வாகக் குழுக்களை மாற்றியமைத்தது. அவர்களுடைய விசுவாச அறிக்கை 1925-ல் எழுதப்பட்டு, 1963-லும் 2000-லும் திருத்தப்பட்டது. இப்போது அதில் 18 பிரிவுகள். சபையின் வலைத்தளத்தில் ‘எங்கள் நம்பிக்கை’ என்று இருப்பது பெரும்பாலும் இதுவோ இதன் சுருக்கமோதான்.

வேதத்தில் பிழையில்லை என்று சொன்னவர்கள் அதை எப்படி வாசித்தார்கள் என்பதும் சரித்திரத்தில் இருக்கிறது. சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷன் என்ற அவர்களுடைய கூட்டமைப்பு 1845-ல் ஜார்ஜியாவின் அகஸ்டாவில் பிறந்ததே, அடிமைகளை வைத்திருப்பவர் மிஷனரியாகப் போகலாமா என்ற தகராறில். போகலாம் என்ற பக்கம் இவர்கள். வசனம் காட்டித்தான் வாதாடினார்கள். 1995-ல், 150 வருடம் கழித்து, தீர்மானம் போட்டு மன்னிப்புக் கேட்டார்கள். எங்கள் சபையில் இதை மறைப்பதில்லை. அடிக்கடி பேசுகிறார்கள் என்றும் சொல்ல மாட்டேன்.

ரட்சிப்பு கிருபையினால், விசுவாசத்தின் மூலமாக, கிரியையினால் அல்ல. இதில் நமக்கும் அவர்களுக்கும் சண்டை இல்லை. அவர்கள் கூடுதலாக அழுத்திச் சொல்வது, ஒருமுறை உண்மையாக ரட்சிக்கப்பட்டவர் அதை இழக்கவே முடியாது என்பது. அப்படியானால் பின்வாங்கிப் போனவர்கள்? அவர்கள் ஆரம்பத்திலேயே உண்மையாக விசுவாசிக்கவில்லை என்பது பதில். இது கொஞ்சம் வசதியான பதிலாக எனக்குப் படும். ஆனால் கேன்சர் வார்டில் படுத்திருந்த ஒரு சபை நண்பருக்கு அது எவ்வளவு பெரிய தைரியமாக இருந்தது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான், அதனால் ரொம்பக் கிண்டல் செய்ய மாட்டேன். யாரை ரட்சிப்பது என்று தேவன் முன்னமே தேர்ந்தெடுத்துவிட்டாரா, எல்லோருக்காகவும் கிறிஸ்து மரித்தாரா என்பதில் பாப்டிஸ்டுகளே இரண்டு கட்சி. நம் ஊர்ப் போதகர்கள் மேற்கோள் காட்டிக்கொண்டே இருக்கும் லண்டன் பாப்டிஸ்ட் பிரசங்கியார் ஸ்பர்ஜன் முதல் கட்சி. இந்தப் பேச்சு ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிவிடும்.

திருவிருந்தை இவர்கள் கர்த்தருடைய பந்தி என்பார்கள். அது நினைவுகூருதல் மட்டுமே. எங்கள் சபையில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் கப்பில் திராட்சை ஜூஸ். எழுதி வைத்த கொள்கைப்படி முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்குத்தான் பந்தி. நடைமுறையில் பல சபைகளில் விசுவாசிகள் எல்லோரையும் அழைப்பார்கள். போகும் சபையில் எப்படி என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், தட்டு கைக்கு வரும்போது விழிப்பதைவிட அது நல்லது.

நிர்வாகம்தான் நமக்குப் பெரிய ஆச்சரியம். பேராயர் இல்லை, திருமண்டலம் இல்லை, போதகருக்கு இடமாற்றம் இல்லை. ஒவ்வொரு சபையும் தனி ராஜ்யம். போதகரை வைப்பதும் அனுப்புவதும் சபையாரின் வோட்டு. ஒருமுறை சபைக்கு வேன் வாங்குவதா வேண்டாமா என்று ஒன்றரை மணி நேரம் விவாதித்து வோட்டெடுத்தார்கள். நான் பின்வரிசையில் வேடிக்கை பார்த்தேன். கன்வென்ஷன் எந்தச் சபைக்கும் உத்தரவு போட முடியாது, ‘நீ எங்களோடு இல்லை’ என்று விலக்க மட்டும் முடியும். அப்படித்தான் 2023-ல் கலிபோர்னியாவின் சாடில்பேக் சபையை விலக்கினார்கள். காரணம், அங்கே பெண் போதகர். 2000-ஆம் வருட அறிக்கையில் போதகர் பதவி ஆண்களுக்கே என்று எழுதிவிட்டார்கள். மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற பகுதி 1998-லேயே சேர்ந்துவிட்டது. நம் சி.எஸ்.ஐ.யில் 2013-ல் நந்தியாலில் ஒரு பெண் பேராயரே ஆகிவிட்டார். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு இவர்களோடு ஒத்துப்போகவே இல்லை, போகும் என்றும் தோன்றவில்லை. திருமணம் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையில் மட்டும், கருத்தரித்ததிலிருந்தே உயிர் புனிதமானது என்பவையும் அறிக்கையிலேயே உண்டு.

என் விசுவாசத்துக்கு நான்தான் பொறுப்பு என்றால், அரசாங்கமும் அதில் தலையிடக் கூடாது அல்லவா? தொடக்க கால பாப்டிஸ்டுகள் இதற்காக ஜெயிலுக்குப் போனார்கள். தாமஸ் ஹெல்விஸ், இங்கிலாந்து ராஜா ஜேம்ஸுக்கே இதை எழுதி, நியூகேட் சிறையில் செத்தார். 1801-ல் கனெக்டிகட்டின் டான்பரி பாப்டிஸ்டுகள் அமெரிக்க ஜனாதிபதி ஜெஃபர்சனுக்கு எழுதிய கடிதத்துக்கு வந்த பதிலில்தான் சபைக்கும் அரசுக்கும் நடுவில் சுவர் என்ற பேச்சே வருகிறது. இன்றைக்கு டெக்சாஸில் சில பாப்டிஸ்டுகள் பேசும் அரசியலைக் கேட்டால், தாத்தா எழுப்பிய சுவரில் பேரன் வாசல் வைக்கப் பார்க்கிறான் என்று தோன்றும்.

நரகம் நிஜம், நித்தியம். இரண்டாம் வருகை நிஜம், ஆனால் அது கிறிஸ்துவின் ஆயிர வருட அரசாட்சிக்கு முன்னா பின்னா என்பதை அறிக்கை திறந்தே விட்டிருக்கிறது. மது கூடாது என்பது எங்கள் சபையில் எழுதாத சட்டம்.

போய்ப் பாருங்கள். ‘முன்னால் வாருங்கள்’ என்று பிரசங்கம் முடிந்து அழைப்பார்கள், பாட்டு நீண்டுகொண்டே போகும். போகாவிட்டால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

நான் ஏன் இன்னும் அங்கத்தினர் ஆகவில்லை என்றால், அந்தக் கைக்குழந்தைத் தண்ணீரை ஒன்றுமில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவுதான் காரணம், வசன ஆதாரம் கேட்காதீர்கள். ஆனால் என் மகள் ஒன்பது வயதில் தானாகவே போய் ஞானஸ்நானம் கேட்டாள். போதகர் அரை மணி நேரம் பேசிவிட்டு, “இன்னும் கொஞ்சம் பொறு” என்று திருப்பி அனுப்பினார். அவளும் ஊர்க் கோயிலில் கைக்குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றவள்தான், ஞானத்தாயாக நின்றது என் அக்கா. பதினோரு வயதில் மறுபடி கேட்டாள், இந்த முறை சரி என்றார்கள். அம்மாவுக்கு வீடியோ காலில் காட்டினேன். அங்கே ராத்திரி பத்தரை. தொட்டியில் இறங்கியதிலிருந்து எழுந்து வரும்வரை அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. கட் ஆகிவிட்டதோ என்று போனைத் திருப்பிப் பார்த்தேன்.

“பிள்ளைக்குத் தலையை நல்லாத் துவட்டிவிடு, ஏசியில நிக்காம” என்றாள்.