அப்பப்பாவின் மொரிஸ் மைனர் பிக்கப்பைத் திருத்தும்போது ஜப்பான் எஞ்சின் போடலாமா?

கேட்டிருப்பது இதுதான்: யாழ்ப்பாணத்து வீட்டில் 1950களின் கடைசியில் வந்த மொரிஸ் மைனர் பிக்கப் ஒன்று நிற்கிறது. அதை ஓடவைக்க வேண்டும். கராஜில் ஜப்பானின் டட்சன் எஞ்சின் போடச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

எஞ்சினை மாற்றாதீர்கள். பிரேக்கையும் வயரிங்கையும் மாற்றுங்கள். எங்கள் அப்பப்பாவின் பிக்கப்பை அப்பாவும் நானும் திருத்தி எடுத்தோம், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

உங்களுடையது 948 சிசி, 37 குதிரைவலு. டட்சன் போட்டால் வேகம் கூடும், உண்மைதான். ஆனால் அதை நிறுத்தப்போவது 7 அங்குல ட்ரம் பிரேக். அதோடு மவுண்ட், கியர்பொக்ஸ், புரொப்பலர் சாப்ற் எல்லாம் வெட்டி ஒட்ட வேண்டும், பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கத்தையும் மாற்ற வேண்டும். உங்கள் மைனரில் இருக்கும் இதே குடும்பத்து எஞ்சின் மினி காரில் 2000ஆம் ஆண்டுவரை வந்தது, உதிரிப்பாகம் இன்றைக்கும் புதிதாகவே செய்கிறார்கள்.

ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் இந்த வாகனம் ஓடியிருந்தால் அது மண்ணெண்ணெயில்தான் ஓடியிருக்கும். கார்பரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின் என்றபடியால்தான் அது ஓடியது. எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து எஞ்சின் ஒயிலோடு கலந்து அதை நீர்க்கவைக்கும், பெயாரிங் தேயும். அதனால் எஞ்சினுக்கு அடியில் ஒயில் நிற்கும் சம்பைக் கழற்றி பெயாரிங்கைப் பார்க்காமல் ஸ்ரார்ட் பண்ண வேண்டாம். ஹெட்டைக் கழற்றினால், இப்போதைய ஈயமில்லாத பெற்றோலுக்கு ஏற்ற கடின வால்வ் சீற்றும் போட்டுவிடுங்கள். அந்த வருடங்களில் எத்தனையோ குடும்பங்களின் சாமானையும் நோயாளிகளையும் இழுத்த எஞ்சின் இது. அதைக் கழற்றி இரும்புக்குப் போட எனக்கு மனம் வரவே வராது.

இப்போது பிரேக். பெடலை மிதிக்கும்போது பிரேக் ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடித் தரைக்குக் கீழே இருக்கிறது. நான்கு சில்லுக்கும் ஒரே சுற்று, ஒரு குழாய் கசிந்தால் எல்லாமே போய்விடும். இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரும் முன்னுக்கு டிஸ்க் பிரேக்கும் போடுவதுதான் சரி. அவ்வளவு செலவழிக்க முடியாவிட்டால், 1962க்குப் பிறகு 1098 சிசி மைனரில் வந்த 8 அங்குல முன் ட்ரம்மை அதன் பின் தட்டோடு தேடி எடுங்கள். குழாய்கள் எல்லாம் புதிதாகவே போகட்டும்.

பிரேக்கோடு சேர்த்து முன் சில்லைத் தாங்கும் ஸ்விவல் பின்னின் மரையையும் பாருங்கள். கிறீஸ் அடிக்காமல் அந்த மரை தேய்ந்தால், திருப்பும்போது சில்லு அப்படியே மடிந்து விழும். மைனரின் மிகப் பழைய வியாதி இது.

வயரிங்கில் பாதி வேலை செய்தால் போதாது. துணி சுற்றிய பழைய வயர் பொடிந்திருக்கும், ஹெட்லைற்றுக்கு பியூஸே கிடையாது. பற்றறியின் பொசிற்றிவ் முனை வாகனத்தின் இரும்புப் பொடியில் மாட்டியிருக்கும், அதை மாற்றி நெகற்றிவ்வைப் பொடிக்குக் கொடுத்தால்தான் டைனமோவுக்குப் பதிலாக ஓல்ரநேற்றர் பூட்டலாம். பழைய டைனமோ ஆகக்கூடியது 22 அம்பியர்தான் தரும். மழை இரவில் லைற்றும் வைப்பரும் ஒன்றாகப் போட்டு மெதுவாக ஓடினால் வெளிச்சம் மங்கிவிடும். புது வயர், ஒவ்வொன்றுக்கும் பியூஸ், ஹெட்லைற்றுக்கு றிலே. அப்புறம் சீற் பெல்ற், அது பற்றி விவாதமே வேண்டாம்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் சேஸி, அதாவது அடிச்சட்டம். மைனர் காருக்குத் தனிச் சேஸி இல்லை, பிக்கப்புக்கு உண்டு. அதனால் பின் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு அடியை முழுதாகப் பார்க்கலாம். கடல்காற்று அடிக்கும் ஊரில் கறள் உள்ளேயிருந்து தின்னும், வெளியே பெயின்ற் நன்றாகவே தெரியும். சுத்தியலால் தட்டிப் பாருங்கள், மந்தமாகச் சத்தம் வந்தால் அந்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வெல்டிங்கில் ஒட்டத்தான் வேண்டும். பூச்சு வைத்து மூடித்தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவரிடம் வேலை கொடுக்காதீர்கள். பெயின்ற் எல்லாவற்றுக்கும் கடைசி.

பின் ஸ்பிரிங் சேஸியில் மாட்டும் இடம்தான் அதிகம் உக்கும். அதன் படத்தை இங்கே போடுங்கள், ஒட்டித் திருத்தலாமா, அந்தத் துண்டையே மாற்ற வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.