ரயிலில் முன்பின் தெரியாதவரிடம் எப்படிப் பேச்சுக் கொடுப்பது?

ஆளைப் பற்றிக் கேட்காதீர்கள். இரண்டு பேர் கண்ணுக்கும் தெரிகிற ஏதாவது ஒன்றைப் பற்றிக் கேளுங்கள். நான் கடலூர்க்காரன், விழுப்புரம் – மயிலாடுதுறை தடத்தில் அடிக்கடி போய்வருகிறவன். இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

எங்கள் ஊருக்கு இரண்டு ஸ்டேஷன். பஸ் ஸ்டாண்டு போகிறவர் திருப்பாதிரிப்புலியூரில் இறங்க வேண்டும், முதுநகர் போகிறவருக்குக் கடலூர் துறைமுகம் சந்திப்பு. வெளியூர்க்காரர்கள் இங்கே கட்டாயம் குழம்புவார்கள். நீங்கள் வெளியூர் என்றால், விழுப்புரம் பக்கமிருந்து வரும்போது நெல்லிக்குப்பம் தாண்டியதும் தயங்காமல் கேளுங்கள்: “பஸ் ஸ்டாண்டு போகணும், எங்கண்ணே இறங்கணும்?” நாலு பேர் பதில் சொல்வார்கள். அதில் ஒருவராவது, “எங்கேர்ந்து வரீங்க?” என்று தொடர்வார். அப்புறம் நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம்.

ஒருமுறை பண்ருட்டியில் ஓர் அக்கா ஏறி எதிரே உட்கார்ந்தார். மடியில் முந்திரிப் பருப்புப் பை. “இந்த வருஷம் காய்ப்பு எப்படிக்கா?” என்றேன். “காய்ப்பை விடு தம்பி, கையைப் பாரு” என்று விரல்களை விரித்துக் காட்டினார். நுனியெல்லாம் கருத்து, தோல் உரிந்திருந்தது. முந்திரி ஓட்டுக்குள் இருக்கிற எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். அதனால் சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைப்பார்களாம். முழுப் பருப்புக்குத்தான் நல்ல விலை, உடைந்தால் விலை இறங்கிவிடும் என்பதால் அடிக்கிற அடியிலும் ஒரு பக்குவம் வேண்டும் என்று, இல்லாத கொட்டையை இருக்கையில் வைத்துத் தட்டியே காட்டினார். அதுவரை முந்திரியைத் தின்னத்தான் எனக்குத் தெரியும். தன் வேலையைப் பற்றி மதிப்போடு கேட்டால், சொல்ல யாருக்கும் நிறைய இருக்கிறது.

கேட்கக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். “எந்த ஊர்?” என்பது சரி. அதற்கு மேல் “ஊர்ல எந்தத் தெரு, அப்பா பேர் என்ன, குலதெய்வம் எது” என்று போனால், சாதியைத்தான் துருவுகிறீர்கள் என்று எதிரில் இருப்பவருக்கு நன்றாகவே புரியும். நல்லாப் பேசிக்கொண்டிருந்தவர்கள் இந்த இடத்தில் முகம் சுருங்குவதைப் பார்த்திருக்கிறேன், எனக்கே மனசு கசந்திருக்கிறது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். சம்பளம், கல்யாணம் ஆயிடுச்சா, குழந்தை எத்தனை என்பதெல்லாமும் வேண்டாம். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

தனியாக வரும் பெண்ணிடம் எந்த ஹாஸ்டல், எங்கே வேலை, போன் நம்பர் என்று எதையும் கேட்கக் கூடாது. தின்பண்டம் நீட்டுவது நம் ஊர் வழக்கம்தான். ஆனால் தெரியாதவர் தருவதை வாங்கிச் சாப்பிடாதீர்கள் என்று ரயில்வேயே எச்சரிக்கிறது. வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள், கோபித்துக்கொள்ளவும் வேண்டாம்.

காலை வண்டியில் வேலைக்குப் போகிறவர்கள் பாதித் தூக்கத்தில் இருப்பார்கள், விட்டுவிடலாம். சாயங்கால வண்டிதான் பேச்சுக்கு ஏற்றது. அதிலும் இரண்டு கேள்விக்கு “ம்” என்று மட்டும் பதில் வந்தாலோ, கை இயர்போனைத் தேடினாலோ அத்தோடு நிறுத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுங்கள்.