887 குதிரைசக்தி, லிட்டருக்கு 32 கிலோமீட்டர்: எந்தக் கணக்கில்?

கேள்வி: போர்ஷே 918 ஸ்பைடர் 887 குதிரைசக்தி உள்ள, பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் கார். 100 கி.மீ.க்கு 3.1 லிட்டர்தான் குடிக்கும் என்று நிறுவனமே சொன்னது. அதாவது லிட்டருக்கு 32 கி.மீ. என்னுடைய 85 குதிரைசக்தி ஹேட்ச்பேக் 17ஐத் தாண்டுவதே இல்லை. அங்கே முடிவது இங்கே ஏன் முடியவில்லை? நல்ல தொழில்நுட்பத்தைப் பணக்காரர்களுக்கு மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறார்களா?
— வாசகர், கோவை

பதில்: உங்கள் ஹேட்ச்பேக்தான் மைலேஜ் கார். 918இன் பேட்டரி தீர்ந்த பிறகு இரண்டையும் ஒரே சாலையில் விட்டால், அது உங்கள் கார் போகும் தூரத்தில் பாதியை ஒட்டித்தான் போகும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் சோதனையில், பெட்ரோலில் மட்டும் ஓடும்போது அதற்குக் கிடைத்தது காலனுக்கு 22 மைல். லிட்டருக்கு 9.4 கி.மீ.கூட முழுதாக இல்லை. பி.எம்.டபிள்யூ ஐ8க்கும் இதே கதிதான்: ஐரோப்பியக் கணக்கில் லிட்டருக்கு 47, அமெரிக்காவில் பேட்டரி தீர்ந்த நிலையில் 12.

நிறுவனம் பொய் சொல்லவில்லை. அப்போது ஐரோப்பாவில் நடைமுறையில் இருந்த என்.இ.டி.சி. சோதனையின் சூத்திரம் அப்படி. பிளக்கில் சார்ஜ் ஏற்றும் கார்களுக்கு ஓர் அனுமானம் வைத்திருந்தார்கள்: ஓட்டுபவர் பேட்டரி தீரும்வரை மின்சாரத்தில் போவார், அதன் பிறகு 25 கி.மீ. மட்டும் பெட்ரோலில் போவார், உடனே மறுபடி சார்ஜ் போட்டுவிடுவார். மின்சாரத்தில் 30 கி.மீ. ஓடக்கூடிய, பேட்டரி தீர்ந்தபின் 100 கி.மீ.க்கு 7 லிட்டர் குடிக்கும் ஒரு காரை இந்தச் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். 25 கி.மீ.க்கு 1.75 லிட்டர். அதை மொத்தம் 55 கி.மீ.க்குப் பரப்பினால் 100 கி.மீ.க்கு 3.2 லிட்டர் வந்துவிடும். மின்சாரம் பெட்ரோல் கணக்கில் சேராது, அதைத் தனி வரியில் போடுவார்கள். 918க்கு அந்த வரி 100 கி.மீ.க்கு 12.7 யூனிட். உங்கள் கண்ணில் பட்டது முதல் வரி மட்டும்.

பிறகு வந்த டபிள்யூ.எல்.டி.பி. சோதனையும் இந்த விஷயத்தில் தாராளமாகவே இருந்தது. 2021இல் பதிவான பிளக்-இன் ஹைபிரிட்கள் சாலையில் உமிழும் கரியமில வாயு, ஆய்வகக் கணக்கைப்போல 3.5 மடங்கு என்று ஐரோப்பிய ஆணையமே 2024இல் ஒப்புக்கொண்டது. புதிய மாடல்களுக்கு 2025 முதல் சூத்திரத்தை இறுக்கியிருக்கிறார்கள். பல ஆண்டுகள் முன்பே செய்திருக்க வேண்டிய வேலை.

சரி, மைலேஜுக்கு இல்லையென்றால் இத்தனை மோட்டார்கள் எதற்கு? பேட்டரியின் அளவைப் பாருங்கள். 918இல் இருப்பது 6.8 யூனிட். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. எஞ்சின் அதில் மூன்றில் இரண்டு பங்கை வெப்பமாக விரயமாக்குகிறது. மோட்டார் அப்படி விரயமாக்குவதில்லை. அந்தச் சலுகையைக் கொடுத்தாலும், முழுப் பேட்டரியும் இரண்டு லிட்டர் பெட்ரோலின் வேலையைத்தான் செய்யும். 70 லிட்டர் டேங்க் உள்ள காரில் இது சேமிப்புக் கிடங்கு ஆகாது. சில விநாடிகளுக்கு 286 குதிரைசக்தியை அள்ளிக் கொடுக்கும் உண்டியல் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

பிரேக் பிடிக்கும்போது ஆற்றல் திரும்பி வருமே என்பீர்கள். வரும், ஆனால் எப்படிப் பிடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து. 1,700 கிலோ கார் 200 கி.மீ. வேகத்திலிருந்து 100க்கு இறங்கினால் 0.55 யூனிட் விடுபடுகிறது. பந்தயத் தடத்தில் இது மூன்றே விநாடிக்குள் நடந்துவிடும். அதாவது 700 கிலோவாட். 918இன் இரண்டு மோட்டார்களும் சேர்ந்து 210 கிலோவாட்தான். பத்தில் மூன்று பங்கைப் பிடிக்கலாம், மீதி டிஸ்க்கைச் சூடாக்கிவிட்டுக் காற்றில் போகும். இதையே ஒன்பது, பத்து விநாடி எடுத்து நிதானமாகச் செய்தால் ஏறக்குறைய முழுவதையும் மோட்டார்களே வாங்கிக்கொள்ளும். பேட்டரி நிறைந்திருந்தாலோ மிகவும் குளிர்ந்திருந்தாலோ அதுவும் நடக்காது. குளிர்ந்த லித்தியம் செல்லுக்குள் வேகமாக மின்சாரத்தைத் திணித்தால் செல் கெடும் என்பதால் கட்டுப்பாட்டுக் கணினி தடுத்துவிடும். அதிக வெப்பமும் ஆகாது. அதனால்தான் 918இன் எக்ஸாஸ்ட் குழாய்களை எஞ்சினுக்கு மேலேயே திறந்துவிட்டு, பேட்டரியைக் கீழே 20 முதல் 40 டிகிரிக்குள் வைக்கப் பாடுபட்டார்கள்.

எடை வேறு இருக்கிறது. ஃபெராரி எஸ்.எஃப்.90இல் ஹைபிரிட் பாகங்கள் மட்டும் 270 கிலோ. கியர்பாக்ஸில் ரிவர்ஸ் கியரையே எடுத்துவிட்டு, பின்னால் போவதை முன்சக்கர மோட்டார்களிடம் ஒப்படைத்தார்கள். கிராம் கிராமாகத் திருப்பி எடுக்கவேண்டிய நிலை.

மைலேஜ் உண்மையில் கெடும் இடம் வேறு. சமதளத்தில் 100 கி.மீ. வேகத்தில் போக இப்படிப்பட்ட காருக்குச் சுமார் 25 குதிரைசக்தி போதும். அதற்காக 608 குதிரைசக்தி வி8 ஓடுகிறது. எஞ்சினுக்குள் காற்று புகும் கதவான த்ராட்டில் கிட்டத்தட்ட மூடிக் கிடக்க, அந்தச் சந்து வழியாகக் காற்றை இழுக்கவே எட்டு சிலிண்டரும் திணறும். இந்த நேரத்தில் எஞ்சினை அணைத்துவிடலாம், அல்லது அதன்மேல் சுமை ஏற்றி மிச்சத்தைப் பேட்டரிக்கு அனுப்பலாம். இங்கேதான் ஹைபிரிட் பெட்ரோலை மிச்சப்படுத்துகிறது. ஆனால் 918ஐ ஸ்போர்ட் ஹைபிரிட் நிலைக்குத் திருப்பினால் எஞ்சின் அணைவதே இல்லை. சேமிப்பும் அத்தோடு போயிற்று.

என் மதிப்பில் நேர்மையான உதாரணம் 2024இல் வந்த போர்ஷே 911 கரேரா ஜி.டி.எஸ். அதற்குப் பிளக் கிடையாது, மின்சாரத்தில் மட்டும் ஓடவும் ஓடாது. பேட்டரி 1.9 யூனிட், 27 கிலோ. கியர்பாக்ஸுக்குள் 54 குதிரைசக்தி மோட்டார் ஒன்று. இரண்டாவது மோட்டார், எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவின் அச்சிலேயே உட்கார்ந்திருக்கிறது; டர்போ வேகம் பிடிக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லாமல் அதைச் சுழற்றிவிடும். வேகம் பிடித்தபின் அதே மோட்டார் ஜெனரேட்டராகி, எக்ஸாஸ்ட் வாயுவிலிருந்து 11 கிலோவாட் வரை எடுத்துத் தரும். சாதாரண டர்போவில் மிஞ்சிய வாயுவை வேஸ்ட்கேட் என்ற வால்வு வழியாக வெளியே விடுவார்கள். இதில் வேஸ்ட்கேட்டே இல்லை.

இன்னொன்று பலர் கவனிக்காதது. வழக்கமான டர்போ எஞ்சினில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால், எரிவதற்குத் தேவையானதைவிடக் கூடுதலாகப் பெட்ரோல் தெளிப்பார்கள். எரியாத பெட்ரோல் ஆவியாகும்போது டர்போவின் சுழல்சக்கரமான டர்பைனும், புகையைச் சுத்திகரிக்கும் கேடலிடிக் கன்வர்டரும் கருகாமல் குளிர்கின்றன. பெட்ரோலைக் குளிரூட்டியாக ஊற்றுவது என்றே அர்த்தம். இந்த 911 எந்த நிலையிலும் எடையில் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற சரிவிகிதத்தை விட்டு விலகுவதில்லை. அப்படி இழக்கும் சக்தியை ஈடுகட்ட எஞ்சினை 3 லிட்டரிலிருந்து 3.6 ஆக்கினார்கள், மின்சார டர்போ மீதியைப் பார்த்துக்கொள்கிறது. முந்தைய மாடலைவிட 50 கிலோ கூடியும், ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தில் 8.7 விநாடி முந்தியது. மைலேஜ்? டபிள்யூ.எல்.டி.பி.யில் 100 கி.மீ.க்கு 10.5 முதல் 11 லிட்டர். லிட்டருக்கு 9, 9.5 கி.மீ. பிளக் இல்லாததால் சூத்திரத்துக்குப் பின்னால் ஒளிய இடமில்லாத எண் இது.

டர்போ அச்சில் மோட்டார் என்ற யோசனையை ஃபார்முலா 1 2014இலேயே களமிறக்கியது. முந்தைய ஆண்டு ஒரு பந்தயத்துக்குச் சுமார் 150 கிலோ பெட்ரோல் எரித்த இடத்தில் 100 கிலோ என்று விதி போட்டார்கள். எஞ்சின் வல்லுநர்கள் பெட்ரோலின் ஆற்றலில் பாதிக்கும் மேல் வேலையாக மாற்றும் அளவுக்குப் போனார்கள். 2017இல் மெர்சிடிஸ் சோதனைக்கூடத்தில் அந்த எல்லையைத் தாண்டியது. எரிபொருளுக்குக் கடிவாளம் போட்ட பிறகு வந்த முன்னேற்றம் இது. சாலை ஸ்போர்ட்ஸ் காருக்கு அந்தக் கடிவாளத்தை யாரும் போடவில்லை.

அடுத்த முறை பிளக்-இன் காரின் விவரத்தாளைப் பார்த்தால், 'பேட்டரி தீர்ந்த நிலையில்' என்ற வரியைத் தேடுங்கள். யாராவது சொந்தக் கணக்கு சொன்னால், பயணத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் பேட்டரி ஒரே அளவில் இருந்ததா என்று கேளுங்கள். இடையில் சார்ஜ் போட்டிருந்தால் சுவர் மீட்டரில் ஓடிய யூனிட்டையும் சேர்க்க வேண்டும்.

நல்ல தொழில்நுட்பத்தைப் பணக்காரர்களுக்கு ஒதுக்கி வைக்கவும் இல்லை. டொயோட்டா பிரியஸ் ஜப்பானில் 1997 டிசம்பரிலேயே விற்பனைக்கு வந்தது, 918க்குப் பல ஆண்டுகள் முன்பு. இன்று உங்கள் ஊரிலேயே டொயோட்டா ஹைரைடரின் ஸ்ட்ராங் ஹைபிரிட் கிடைக்கிறது: 92 குதிரைசக்தி மூன்று சிலிண்டர் எஞ்சின், 0.76 யூனிட் பேட்டரி, பிளக் இல்லை, அரசுச் சோதனையில் லிட்டருக்கு 27.97 கி.மீ. சாலையில் அதைவிடக் குறையும். காந்திபுரம் சிக்னல்களில் நின்று நின்று போகிறவருக்கு லாபம் அதிகம். நான்குவழிச் சாலையில் பிரேக்கே தொடாமல் 110இல் போகிறவருக்கு, திருப்பி எடுக்க அங்கே ஆற்றலே இல்லை.