அமெரிக்காவில் வீட்டுக்கு வந்த நீல்சன் வானொலி டைரி: குடும்பமாக எப்படி நிரப்புவது?

கவருக்குள் டாலர் நோட்டு இருக்கிறதே, மோசடியா என்று கேட்டிருக்கிறீர்கள். மக்கள் எந்த வானொலி நிலையத்தைக் கேட்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் நிறுவனம் நீல்சன்; டைரியோடு பணத்தையும் வைத்துத்தான் அனுப்பும். (முன்பு ஆர்பிட்ரான் என்ற நிறுவனம் நடத்திய கணக்கெடுப்பு இது, 2013இல் நீல்சன் கைக்குப் போனது.)

12 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் தனி டைரி. வியாழன் முதல் புதன் வரை, எந்த நிலையம், எத்தனை மணிக்கு, வீட்டிலா காரிலா வேலையிடத்திலா என்று எழுத வேண்டும். நீங்கள் போடாவிட்டாலும் காதில் விழுந்தால் கணக்குதான்: கடையில் ஓடுவது, மகள் காரில் மாற்றி வைப்பது எல்லாம். கால்மணி நேரத்தில் 5 நிமிடம் கேட்டாலே அந்த நிலையத்தின் கணக்கில் ஏறிவிடும். அதனால் புதன் இரவு எல்லாருக்கும் சேர்த்து அம்மாவே நிரப்புவது மட்டும் வேண்டாம்; அம்மாவுக்குப் பிடித்த நிலையம்தான் ஜெயிக்கும்! ரேடியோவே கேட்கவில்லையா? சரி, அதையும் குறித்து அனுப்புங்கள்.